கூலின் பற்களும் வேதாளத்தின் வினாவும்

மதுரை நகரின் மஹல்லா ஒன்றில் இயங்கிவரும் சிறு நூலகத்தில், பழுதுபட்ட நூல்களைக் கழிப்பதற்கென்று சென்ற ஆண்டு ஒரு கூட்டம் நடைபெற்றது. நானும் அழைக்கப்பட்டிருந்தேன். தரையில் குவிக்கப்பட்டிருந்த நூல்களுள் ‘டிராகுலா’வின் தமிழாக்கம் ஒன்றும் கிடந்தது. இருமுறை முதுகு மாற்றிக் கட்டப்பட்டு, மூன்றாம் முறையும் கிழிந்துபோன படி. உள்ளட்டையில் ஒட்டப்பட்டிருந்த தேதிச் சீட்டைப் புரட்டினேன். ஒரே உறுப்பினர் எண் பதினோரு இடங்களில் பதிவாகியிருந்தது. தஃப்ஸீர் வரிசைகளும் வரலாற்று நூல்களும் கட்டுக் குலையாமல் அலமாரியில் நின்றிருக்க, இந்த ஒரு நூல் மட்டும் வாசகர் கைபட்டே தேய்ந்திருக்கிறது.

கூட்டத்திலிருந்த இளைய ஆலிம் ஒருவர், கிழிசலைக் காரணமாக வைத்து அதனைக் கழிப்பது போதாது என்றும், இரத்தம் குடிக்கும் பிணங்களையும் வேதாளங்களையும் பற்றிய கதைகள் அகீதாவுக்கே ஊறு விளைவிப்பன என்பதால் இவ்வகை நூல்கள் எவையும் இனி வாங்கப்படக் கூடாது என்றும் கூறினார். அவர் மார்க்கப் பற்றும் கல்வியும் உடையவர். அவருடைய கவலையை எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை. என் கருத்தைக் கேட்டபோது நான் சுருக்கமாக ஏதோ சொல்லி அமர்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதே இக்கட்டுரை.

இரத்தக் காட்டேரி என்று தமிழில் நாம் வழங்கும் இந்த மேலைநாட்டுப் பிறவியின் மீது வாசகர்களுக்குள்ள தீராத பற்றினை ஆராய முற்படுவோர், பெரும்பாலும் அச்சம், இன்பம் என்ற இரு சொற்களோடு நின்றுவிடுகின்றனர். அச்சம் ஒருமுறை வாசிப்பதற்குப் போதுமான காரணம். பதினோரு முறை வாசிப்பதற்கு அது காரணமாகாது. முடிவு தெரிந்த பின்னும் ஒருவர் திரும்பி வருகிறார் என்றால், கதையின் அமைப்பிலேயே அவரைப் பிடித்து வைத்திருக்கும் ஒன்று இருந்தாக வேண்டும்.

முதலில் மார்க்க அடிப்படையிலான மறுப்பை எடுத்துக்கொள்வோம். பாலைவனத்தில் வழிப்போக்கரை மருட்டி வழிதவறச் செய்யும் ‘கூல்’ என்னும் உருமாறும் பிறவியை அறியாமைக் கால அரபிகள் நம்பினர். கூல் என்பது இல்லை என்ற நபிமொழி ஜாபிர் (ரலி) வாயிலாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இளைய ஆலிம் சுட்டிக்காட்டியதும் அதனையே. ஆயினும் திர்மிதீயில், அபூ அய்யூப் அல்அன்ஸாரீ (ரலி) அவர்களின் பேரீச்சம்பழச் சேமிப்பிலிருந்து கூல் ஒன்று வந்து எடுத்துச் சென்றதாகவும், பிடிபட்டு இறுதியில் ஆயத்துல் குர்ஸீயின் சிறப்பைக் கூறியதாகவும் ஓர் அறிவிப்பு உள்ளது. இவ்விரண்டையும் இணக்கப்படுத்த முற்பட்ட விரிவுரையாளர்கள், மறுக்கப்பட்டது அதன் இருப்பா, அன்றி விரும்பியவாறு உருமாறி மனிதரை வழிகெடுக்கும் ஆற்றலா என்று நுணுகி ஆராய்ந்தனர். இமாம் நவவீ (ரஹ்) தம் விரிவுரையில் இரு கருத்துகளையும் எடுத்துரைக்கின்றார்கள். ஹிஜ்ரி 255இல் மறைந்த அல்ஜாஹிழ், தம் ‘கிதாபுல் ஹயவா’னில் தம் ஆசிரியர் நஜ்ஜாமின் கருத்தாக மற்றொரு விளக்கத்தைத் தருகிறார்: ஆளரவமற்ற வெளியில் நெடுநாள் தனித்திருப்பவனுக்குச் சிறியது பெரிதாகத் தோன்றும்; இல்லாத ஒலி கேட்கும்; அதனை அவன் கவிதையாக்குவான்; கேட்டவர் பிள்ளைகளுக்குச் சொல்வர்; பிள்ளைகள் அந்நம்பிக்கையோடு வளர்வர். பேய்க்கதையின் பிறப்பைப் பற்றி மேலைநாட்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுதியவற்றுள் இதனினும் தெளிவானது எதையும் நான் கண்டதில்லை.

இங்கே நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. கூல் இல்லையென்று ஆன பிறகு, கூலைப் பற்றிய கவிதைகளை நம் முன்னோர் என்ன செய்தனர்? எரித்தனரா? இருளில் கூலை எதிர்கொண்டு வெட்டி வீழ்த்தியதாகப் பெருமை பேசும் தஅப்பத்த ஷர்ரன் என்ற கொள்ளைக்காரக் கவிஞனின் பாடலைப் பாடபேதங்களோடு தொகுத்து வைத்தவர்கள் முஸ்லிம் அறிஞர்களே. இதனினும் முக்கியமான சான்று நம் பாடநூல்களுக்குள்ளேயே கிடக்கிறது. ஆண்டுதோறும் ‘முக்தஸருல் மஆனீ’ நடத்துகையில் உவமை இயலுக்கு வரும்போது, இம்ருவுல் கைஸ் தன் அம்பு முனைகளைக் கூலின் கோரைப் பற்களுக்கு ஒப்பிட்ட இடத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லியே தீர வேண்டும். கூலையே எவரும் கண்டதில்லை; அதன் பற்களை யார் கண்டார்? எனினும் உவமை பொருந்துகிறது. புலன்களால் அறியப்படாதது, ஆனால் இருந்திருந்தால் புலன்களால்தான் அறியப்பட்டிருக்கும். இவ்வகைக்கு நம் அணியிலக்கண அறிஞர்கள் ‘வஹ்மீ’ என்று பெயரிட்டனர். நரகத்து ஸக்கூம் மரத்தின் பாளைகளை ஷைத்தான்களின் தலைகளுக்குத் திருக்குர்ஆன் (37:65) ஒப்பிடுவதைக் குறித்து, அறியாத ஒன்றைக் கொண்டு எச்சரிப்பது எவ்வாறு பொருந்தும் என்று அரசவை எழுத்தர் ஒருவர் வினவியபோது, அபூ உபைதா இதே கூல் பற்களின் உவமையைத்தான் விடையாகக் காட்டினார். அவருடைய ‘மஜாஸுல் குர்ஆன்’ உருவாக அந்த உரையாடலே தூண்டுதலாயிற்று என்பது வரலாறு. இறைவேதத்தின் மொழியை விளக்குவதற்கே கூலின் பற்கள் பயன்பட்டிருக்கின்றன. அப்பற்களைக் கண்டு நாம் இன்று ஏன் இவ்வளவு கலங்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

இனி ‘டிராகுலா’வுக்கு வருவோம். அயர்லாந்துக்காரரான பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட இந்நாவலை நான் முதன்முதலில் படித்தது என் மதரஸாப் பருவத்தில். ஓதிக்கொண்டிருந்த கிதாபுக்குள் வைத்து மறைத்துப் படித்தேன். பிடிபட்டேன். நூல் பறிக்கப்பட்டதோடு மூன்று நாள்கள் அனைவர் முன்னும் நிறுத்தப்பட்டேன். நான் அப்போது எட்டாம் அத்தியாயத்தில் இருந்தேன்; எஞ்சியதைப் படிக்க எனக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. எம்.ஏ. படிக்கச் சென்றபோது படித்து முடித்தேன். அதற்குள் ஹதீஸ் கலையின் பாடங்களை ஓதி முடித்திருந்ததால், அந்நாவல் எனக்கு முற்றிலும் வேறொன்றாகக் காட்சியளித்தது.

அது முழுவதும் அறிவிப்புகளால் ஆனது. நாட்குறிப்புகள், கடிதங்கள், தந்திகள், செய்தித்தாள் நறுக்குகள், மெழுகு உருளையில் பதிவு செய்யப்பட்ட மருத்துவரின் குரல் ஆகியன உண்டு. ஆசிரியர் என்று தனித்த ஒரு குரல் இல்லை. ஒவ்வொருவரும் தாம் கண்டதை, கண்ட நாளோடும் இடத்தோடும் எழுதி வைக்கின்றனர். மீனா என்ற பெண் அனைத்தையும் தட்டச்சுச் செய்து, நாள்வாரியாக அடுக்கிப் படியெடுக்கிறாள். பின்னர் டிராகுலா பிரபு வந்து மூலப்படிகளையும் குரல் உருளைகளையும் தீயிலிட்டு அழித்துவிடுகிறான். பெட்டகத்தில் இருந்த ஒரு படி மட்டுமே தப்புகிறது. ஏழாண்டுகள் கழித்து எழுதப்பட்ட இறுதிக் குறிப்பில், தம்மிடம் உள்ள காகிதக் குவியலில் மூல ஆவணம் என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவுமில்லை என்று கதை மாந்தரே ஒப்புக்கொள்கின்றனர். அஸல் தொலைந்தது, நக்ல் மட்டும் எஞ்சியது. அறிவிப்பாளர்கள் அனைவரும் ஒருவரோடொருவர் கலந்து பேசி, ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துத் தம் கூற்றைச் சரிசெய்துகொண்டவர்கள். அனைவரும் குற்றம்சாட்டப்பட்டவனின் பகைவர்கள். பிரபுவின் கையெழுத்தாகத் தொடக்கத்தில் ஒரு சிறு கடிதம் கிடைக்கிறது, அவ்வளவே. நாட்குறிப்பு எழுதும் உரிமை அவனுக்கு வழங்கப்படவில்லை. எந்த முஹத்திஸும் இந்த ஸனதை ஏற்கமாட்டார்.

இந்நூலின் வலிமை இக்குறைபாட்டில்தான் இருக்கிறது என்பது என் துணிபு. வாசகன் அறிவிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் இடத்தில் வைக்கப்படுகிறான். இன்னாருடைய சொல்லை நம்பலாமா, இவர் அப்போது உறங்கிக்கொண்டிருந்தாரா, அந்த நாளும் இந்த நாளும் ஒத்துவருகின்றனவா என்று அவன் சரிபார்த்துக்கொண்டே போகிறான். முதல் வாசிப்பில் இதற்கு நேரமில்லை. இரண்டாம், மூன்றாம் வாசிப்புகளில்தான் இவ்வேலை தொடங்குகிறது. முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு பிரபு நேரில் தோன்றும் இடங்கள் மிகச் சில. சன்னலில் ஒரு நிழல், வாசலில் ஓர் ஓநாய், ஒரு பெண்ணின் கழுத்தில் இரு சிறு வடுக்கள் என்று தடயங்களாகவே அவன் வருகிறான். நூலின் பிற்பகுதி தொய்வுடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். டச்சுப் பேராசிரியர் உடைந்த ஆங்கிலத்தில் ஆற்றும் நீண்ட உரைகளைப் பக்கம் பக்கமாகத் தாண்டிச் சென்றவர்களுள் நானும் ஒருவன்.

மற்றொன்று வாசற்படி. அவ்வீட்டைச் சேர்ந்த ஒருவர் முதலில் அழைத்தாலன்றி இரத்தக் காட்டேரியால் உள்ளே நுழைய இயலாது என்பது இந்நாவலில் வரும் விதி. மேலை வாசகர்களுக்கு இது வியப்பூட்டும் கற்பனை. நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பேதுமில்லை. அந்தி சாயும்போது பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுமாறும், இறைவன் பெயரைக் கூறிக் கதவுகளை அடைக்குமாறும், அவ்வாறு அடைக்கப்பட்ட கதவை ஷைத்தான் திறப்பதில்லை என்றும் அறிவிக்கும் நபிமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் என் நன்னி மஃரிபு பாங்கு கேட்டவுடன் எங்களைப் புளியமரத்தடியிலிருந்து விரட்டி உள்ளே சேர்த்து, பிஸ்மி சொல்லித் தாழ்ப்பாள் போடுவார். தெருவில் பிற சமயத்தாரின் வீடுகளில் அதே வேளையில் விளக்கேற்றி வைப்பார்கள். இரவுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள அந்த மரப்பலகை எவ்வளவு மெல்லியது என்பதை ஸ்டோக்கர் அறிந்திருந்தார். கதவைத் திறப்பவன் உள்ளே இருப்பவனே என்பதையும் அறிந்திருந்தார்.

அவருடைய ஒருதலைச் சார்பையும் மறைப்பதற்கில்லை. கிழக்கிலிருந்து வந்து இலண்டனில் வீடு வாங்கி, பெண்களைக் கெடுக்கும் அந்நியன் என்ற அச்சம் நூல் முழுதும் ஊடாடுகிறது. பிரபு தன் குலப்பெருமையாகக் கூறுவதும் துருக்கியரோடு பொருத வரலாற்றையே. வலாக்கியாவின் விளாத், சிறுவனாக இருந்தபோது தன் இளவலுடன் இரண்டாம் முராதின் அவையில் பிணையாக வளர்ந்தவன். 1462இல் சுல்தான் முஹம்மது அல்ஃபாத்திஹின் பாசறை மீது இரவுத் தாக்குதல் நடத்தியவன். எதிரிகளைக் கழுவேற்றிக் கொன்றவன் என்று பெயரெடுத்தவன். வில்லியம் வில்கின்சனின் நூலொன்றில் கண்ட ‘டிராகுலா’ என்ற பெயரையும் சில வரிச் செய்திகளையும் தவிர ஸ்டோக்கர் அவனைப் பற்றி அதிகம் அறிந்திருந்ததாகத் தெரியவில்லை. கழுவேற்றிய விளாதையும் நாவலின் பிரபுவையும் வெளிப்படையாக ஒருவராக்கியது ஒரு துருக்கிய எழுத்தாளர். 1928இல் அலீ ரிஸா ஸெய்ஃபீ இந்நாவலை ‘கஸக்லி வொய்வொதா’ என்ற பெயரில் இஸ்தன்பூலுக்கு மாற்றி எழுதினார். இலண்டன் இஸ்தன்பூலாயிற்று, சிலுவை இருந்த இடத்தில் திருமறை வசனங்கள் பொறித்த காப்பு வந்தது, வேட்டையாடுவோர் துருக்கிய வீரர்களாயினர். 1953இல் அது திரைப்படமாயிற்று. அதில் பூண்டே காவல் பொருளாகக் காட்டப்பட்டது. நாவலின் இலக்கியத் தரம் மிக உயர்ந்ததென்று சொல்லமாட்டேன். ஆயினும், தன்னை நோக்கி நீட்டப்பட்ட ஒரு கதையைத் தூக்கி எறியாமல், வாங்கித் திருப்பி எழுதிய அந்தத் துணிவு போற்றத்தக்கது.

திருப்பி எழுதுதல் இதற்கு முன்பே எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. பிரெஞ்சு மொழியில் ஆயிரத்தோர் இரவுகளை வழங்கிய அந்துவான் கலான், 1709இல் ஹலப் நகரத்து ஹன்னா தியாப் சொல்லக் கேட்ட கதைகளையும் அதனுள் சேர்த்தார். ஸீதி நுஃமானின் கதை அவற்றுள் ஒன்று. சோற்றைப் பருக்கை பருக்கையாக உண்ணும் மனைவி, இரவில் கல்லறைக்குச் சென்று கூலோடு அமர்ந்து பிணம் தின்கிறாள். பழைய அரபு நூல்களின் கூல் பாலைவனத்தது. கல்லறையோடு அதற்குத் தொடர்பில்லை. அஹ்மத் அல்ராவீ என்ற ஆய்வாளர் 2009இல் வெளியிட்ட கட்டுரையில், பிணந்தின்னும் கூல் கலானின் கைச்சரக்கே என்று நிறுவ முயன்றுள்ளார். அதுவே ஐரோப்பாவெங்கும் பரவிற்று. 1813இல் பைரன் எழுதிய ‘ஜியாவுர்’ என்ற காவியத்தில், நீ இரத்தக் காட்டேரியாகத் திரிவாய் என்று நாயகனைச் சபிப்பவனே ஒரு முஸ்லிம் மீனவன்! நாம் கேட்டறியாத ஒரு சாபத்தை நம் வாயில் திணித்துவிட்டார்கள். பைரனுடைய மருத்துவரான பொலிடோரி 1819இல் வெளியிட்ட சிறுகதையே ஆங்கில உரைநடையில் இவ்வகையின் முதல் கதை. மேட்டுக்குடிக் காட்டேரி என்னும் பாத்திரம் பிறந்தது அங்கேதான். அண்மைக் காலத்தில் பதின்பருவத்தினருக்காகக் காட்டேரியைக் காதலனாக்கி எழுதப்படும் தொடர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பல் பிடுங்கப்பட்ட பாம்பு அது.

பிணந்தின்னி நமக்குப் புதிதன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். சிலப்பதிகாரத்தின் கனாத்திறம் உரைத்த காதையில், மாலதியின் கையிலிருந்த இறந்த குழந்தையை இடாகினிப் பேய் பறித்து உண்கிறது. கலிங்கத்துப்பரணியின் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. ஆயினும் தமிழ் வாசகனை மீண்டும் மீண்டும் இழுத்த பிறவி இவற்றுள் எதுவுமன்று; அது வேதாளம்.

‘பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை’யை என் அத்தா மதுரைப் புது மண்டபத்துப் புத்தகக் கடையொன்றில் வாங்கி வந்தார். (திருமலை நாயக்கர் கட்டிய அம்மண்டபத்துக் கடைகள் பின்னர் அங்கிருந்து வேறிடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன.) 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’, வேதாளக் கதைகளைத் தொடராக்கி, சங்கரின் ஓவியத்தோடு பல தலைமுறைகளிடம் கொண்டு சேர்த்தது. தோளில் பிணம், கையில் வாள், பின்னே மயானம் என்ற அந்தப் படத்தைக் காணாத தமிழ்ப் பிள்ளை அன்று அரிது. 2013இல் இதழ் நின்றது; 2020இல் சங்கரும் மறைந்தார்.

இந்த வேதாளத்தை ஆங்கிலத்தில் இரத்தக் காட்டேரியாக்கியவர் ரிச்சர்ட் பர்ட்டன். 1870இல் அவர் வெளியிட்ட ‘விக்ரமும் காட்டேரியும்’ என்ற நூலில் இருபத்தைந்து கதைகளுள் பதினொன்றே உள்ளன. அதற்கு ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்கு முன்னரே, 1831இல், தமிழ் ‘வேதாளக் கதை’யை பாபிங்டன் ஆங்கிலத்தில் பெயர்த்திருந்தார். பர்ட்டன் கையாண்ட ‘பைதால் பச்சீஸீ’யை 1805இல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் இந்துஸ்தானியில் ஆக்கியவர், லல்லூ லாலோடு இணைந்து பணியாற்றிய மஸ்ஹர் அலீ கான் விலா என்ற முஸ்லிம் அறிஞர். இதன் உடன்பிறப்பான முப்பத்திரண்டு பதுமைகளின் கதையை, அக்பரின் ஆணைப்படி பாரசீகத்தில் எழுதியவரோ, மார்க்க விஷயத்தில் அக்பரையே கடுமையாகச் சாடிய முல்லா பதாயூனீ. வேதாளக் கதை அகீதாவைக் கெடுக்கும் என்று அஞ்சுவோர் இப்பெயர்களை நினைவிற்கொள்வது நன்று.

பர்ட்டனின் பெயர்ப்பு பொருத்தமற்றது. வேதாளம் எவர் இரத்தத்தையும் குடிப்பதில்லை. பிணத்தில் குடியிருந்து கதை சொல்கிறது, கேள்வி கேட்கிறது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் மன்னனின் தலை வெடிக்கும். வாய் திறந்தால் பிணம் மரத்துக்குத் திரும்பும். ஸ்டோக்கரின் பிரபு பேசாமல் கொல்கிறான்; இதுவோ பேசிப் பேசி மன்னனைக் காப்பாற்றுகிறது. தமிழ் முஸ்லிம்களுக்கு இவ்வடிவம் அயலானதன்று. வண்ணப் பரிமளப் புலவர் 1572இல் மதுரையில் அரங்கேற்றிய ‘ஆயிரம் மசலா’ வினாவிடையால் ஆனது. நம் பெண்கள் இரவுகளில் கூடிப் படித்த ‘நூறு மசலா’வில் இளவரசியின் புதிர்களுக்கு விடை சொல்பவனே அவளை மணக்க முடியும்.

வேதாளத்தின் இறுதிப் புதிரை இங்கே சற்று விரிவாகப் பார்க்க விரும்புகிறேன். காட்டில் இரு பெண்களின் காலடித் தடங்களைக் கண்ட ஒரு தந்தையும் மகனும், பெரிய அடியினளைத் தந்தையும் சிறிய அடியினளை மகனும் மணப்பதென முடிவு செய்கின்றனர். பெரிய அடி மகளுடையதாகவும் சிறிய அடி தாயுடையதாகவும் அமைந்துவிடுகிறது. தந்தை மகளையும், மகன் தாயையும் மணக்கின்றனர். இரு தம்பதியருக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை? விக்கிரமன் விடை அறியாது மௌனமாக நடக்கிறான். அம்மௌனத்தில் மகிழ்ந்தே வேதாளம் யோகியின் சூழ்ச்சியை வெளிப்படுத்துகிறது.

இதைப் படித்த அன்று நான் எழுந்து சென்று ‘மகாமாத்துல் ஹரீரீ’யைத் திறந்தேன். நம் கல்லூரிகளில் பெரும்பாலும் முதல் சில மகாமாக்களோடு நிறுத்திக்கொள்வதால், பதினைந்தாவது பலர் கண்ணில் படுவதில்லை. மழை கொட்டும் இருண்ட இரவொன்றில் கதவு தட்டப்படுகிறது. உள்ளே வரும் அபூஸைத், தான் விடுவித்த பாகப்பிரிவினைப் புதிர் ஒன்றைச் சொல்கிறான். ஒருவர் உடன்பிறந்த சகோதரனையும் மனைவியையும் விட்டு இறந்தார். மனைவி தன் பங்கைப் பெற, எஞ்சியதை அவளுடைய சகோதரன் அடைந்தான். இறந்தவரின் சொந்தச் சகோதரனுக்கு ஒன்றுமில்லை. எப்படி? இறந்தவரின் மகன், தன் தந்தையின் மாமியாரை மணந்து, ஓர் ஆண் பிள்ளையை விட்டு முன்னரே இறந்திருந்தான். அப்பிள்ளை மனைவிக்குச் சகோதரன், இறந்தவருக்கோ பேரன். பேரன் இருக்கச் சகோதரனுக்குப் பங்கில்லை; மனைவிக்கு எட்டில் ஒன்று. விக்கிரமனின் வாயை அடைத்த அதே குடும்பம்தான் இது!

ஃபராயிள் ஓதிய மாணவன் எவனும் கரும்பலகையில் இரு கோடுகள் இட்டு வேதாளத்துக்கு விடை சொல்லிவிடுவான். இத்திருமணங்களுக்கு ஷரீஅத்தில் தடையில்லை. பிறப்பவர் இருவரும் ஆண்களாயின், தந்தைக்குப் பிறந்தவன் மற்றவனுக்குச் சிற்றப்பன். தாய்க்குப் பிறந்தவன் இவனுக்குத் தாய்மாமன். சோமதேவர் பதினோராம் நூற்றாண்டில் வடமொழியில் எழுதியதற்கும், ஹிஜ்ரி 516இல் பஸராவில் மறைந்த ஹரீரீ எழுதியதற்கும் இடையே தொடர்புண்டா என்ற ஆராய்ச்சியில் நான் இறங்கவில்லை. மயானத்துப் பிணம் ஒன்றும், மழையிரவில் கதவைத் தட்டிய நாடோடி ஒருவனும் ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. சென்ற பருவத்தில் என் மாணவர்களுக்குப் பாகப்பிரிவினைப் பாடத்தை வேதாளக் கதையிலிருந்தே தொடங்கினேன். வழக்கமாக உறங்கும் பின்வரிசை அன்று உறங்கவில்லை.

நூலகக் கூட்டத்துக்குத் திரும்புகிறேன். அந்த இளைய ஆலிம் எழுப்பிய ஒரு வாதத்துக்கு என்னிடம் இன்றும் முழுமையான விடையில்லை. தம் மஹல்லாவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இத்தகைய நூலொன்றைப் படித்துவிட்டுப் பல இரவுகள் தூங்காமல் அழுதான் என்றார். அவனிடம் சென்று தஷ்பீஹ் வஹ்மீயை விளக்க முடியாது. அந்நூல் சிறுவர் பகுதியில் இருக்கக் கூடாது என்பதில் நாங்கள் இருவரும் உடன்பட்டோம். முற்றாக விலக்க வேண்டும் என்பதில் அவரும், கூடாது என்பதில் நானும் நின்றோம். செயலாளர் ‘டிராகுலா’வை மூன்றாம் முறையாகக் கட்டுக்கு அனுப்பினார்.

பட்டியலைச் சரிபார்த்தபோது விக்கிரமாதித்தன் கதையும் அந்நூலகத்துக்கு உரியதாக இருந்தது தெரியவந்தது. அலமாரியில் அது இல்லை. 2009இல் ஒருவர் எடுத்துச் சென்றதாகப் பதிவேட்டில் உள்ளது. உறுப்பினர் எண்ணைப் பார்த்தேன். டிராகுலாவைப் பதினோரு முறை எடுத்தவரின் எண்தான் அது.